உள்ளடக்கலும் உளப்படுத்தலும்: சிவகாசி வட்டாரப் பயிலரங்குகளின் மொழி பற்றிய ஒரு திறனாய்வு

1. ஆய்வின் எல்லை

திறனாய்வு என்பது நூல்களோடு நின்றுவிடுவதன்று. மக்களை நோக்கிப் பேசப்பெறும் மொழி எதுவாயினும், அது கொண்ட நோக்கத்திற்கு ஏற்ப அமைந்துள்ளதா என்று ஆராய்தலும் திறனாய்வின் கடனேயாம். இந்நாளில் ஊர்தோறும் இளைஞர்க்கும் மகளிர்க்கும் தொழிலாளர்க்கும் எனப் பயிலரங்குகள் பல நடைபெறுகின்றன. சாதியாலும் பாலாலும் உடற்குறையாலும் ஒதுக்கப்பெற்றோரைப் பொதுவாழ்வில் இணைத்தலும், ஒடுக்குமுறையைக் களைதலும் அவற்றின் நோக்கங்கள். அந்நோக்கங்களின் சிறப்பை ஐயுறுவார் இலர். அவற்றில் வழங்கும் தமிழ் அந்நோக்கங்களுக்குத் துணைசெய்கின்றதா என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

இவ்வினாவை விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளை முன்வைத்து ஆராய்வாம். 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மீண்டதிலிருந்து, தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்னும் மூன்று தொழில்களால் பெயர்பெற்றது இவ்வட்டாரம். வெளியிலிருந்து வருவோர் தொழிலாளரிடம் நீண்ட காலமாக அறிவுரை கூறிவரும் இடமும் இதுவே. ஆகவே, கூறுவோர்க்கும் கேட்போர்க்கும் இடையே மொழி என்ன செய்கின்றது என்பதைக் காண்பதற்கு இஃது ஏற்ற களம்.

2. இரு சொற்களின் உறவு

இப்பயிலரங்குகளின் தலைமைச் சொல் ‘உள்ளடக்கம்’ என்பதாகும். ‘உள்ளடக்கிய கல்வி’, ‘உள்ளடக்கிய வளர்ச்சி’ என்னும் தொடர்கள் அரசு ஏடுகளிலும் நிலைபெற்றுவிட்டன. இவர்கள் எதிர்த்து நிற்கும் தீமைக்கோ ‘ஒடுக்குமுறை’ என்று பெயர். இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். உள்ளடக்கத்தின் வேர் ‘அடக்கு’ என்பது. ஒடுக்குமுறையின் வேர் ‘ஒடுக்கு’ என்பது. ‘அடக்கி ஒடுக்குதல்’ என இரண்டையும் இணைமொழியாக்கி வழங்குவது நம் மக்களின் வழக்கு. நோயின் பெயரும் மருந்தின் பெயரும் ஒருகுடிப் பிறந்தனவாக உள்ளன என்க.

சொல்லின் வேர் பொருளை முற்றும் ஆள்வதில்லை என்று மொழியியலார் தடை எழுப்பலாம். அத்தடை ஓரளவு ஏற்புடையதே. ஆயினும், ஒரு கலத்துள் ஒரு பொருளை அடக்குங்கால் கலத்தின் வடிவம் மாறுவதில்லை. உட்புகும் பொருளே கலத்திற்கேற்ப ஒடுங்குகின்றது. ‘உள்ளடக்குதல்’ என்னும் சொல் எழுப்பும் காட்சி இதுவே. படிக்கட்டு மட்டுமே உடைய பள்ளியில் கால் இழந்த மாணவன் ஒருவன் பெயரைப் பதிந்துகொண்டு, அவனை உள்ளடக்கிவிட்டோம் எனக் கணக்குக் காட்டுதற்கு இச்சொல் இடந்தருகின்றது.

தமிழ் இலக்கண மரபில் இதனினும் சிறந்த சொல் ஒன்று உண்டு. தன்மைப் பன்மை விகுதிகளைத் தொல்காப்பியர் வினையியலில் வகுத்தார். அவற்றுள் அம், ஆம் என்பன முன்னிற்பாரையும், எம், ஏம் என்பன படர்க்கையாரையும் உளப்படுத்தும் எனச் சேனாவரையர் முதலாய உரையாசிரியர்கள் விளக்கம் தந்தனர். இதுவே உளப்பாட்டுத் தன்மைப் பன்மை எனப்படும். இக்கால வழக்கில் ‘நாம்’ என்பது கேட்போரையும் சேர்க்கும். ‘நாங்கள்’ என்பது கேட்போரை விலக்கும். தெலுங்கிலும் ‘மனமு’, ‘மேமு’ என இவ்வேறுபாடு உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. பிறர்மொழியில் உருவாகிய கோட்பாடு ஒன்றை மொழிபெயர்க்க முற்பட்ட நாம், நம் இலக்கணம் முன்னரே கண்டிருந்த நுட்பத்தை மறந்தோம். உளப்படுத்தலில் பேசுவோனும் மாறுகின்றான். ‘நான்’ என்பதை விட்டு ‘நாம்’ என்று சொல்லவேண்டியவனாகின்றான். உள்ளடக்கலில் இம்மாற்றம் வேண்டப்படுவதில்லை.

3. ‘ஆல்’ உருபு காணாமற்போதல்

இனி, மக்களைக் குறிக்க வழங்கும் சொற்களை நோக்குவாம். ஒடுக்கப்பட்டோர், பாதிக்கப்பட்டோர், ஒதுக்கப்பட்டோர், மீட்கப்பட்டோர் என்பன அவை. அனைத்தும் செயப்பாட்டுவினையினின்று தோன்றியவை. செயப்பாட்டு வினைத்தொடரில் வினைமுதல் ‘ஆல்’ உருபேற்று வருதல் மரபு. ‘கண்ணனால் கட்டப்பட்டது’ என்பதில் கட்டியவன் யாவன் என்பது விளங்கும். மேற்கூறிய சொற்களிலோ அவ்வுருபுக்கு இடமே இல்லை. எவரால் ஒடுக்கப்பட்டோர் என்னும் வினாவிற்கு விடை வேண்டாததொரு நடை உருவாகிவிட்டது.

ஒடுக்குவது தனியொருவன் அல்லன், ஒரு சமுதாய அமைப்பே. ஆதலின் வினைமுதலைக் கூறல் இயலாது எனச் சிலர் விடையிறுப்பர். மேலும், ‘தலித்’ என்னும் மராத்தியச் சொல்லும் நொறுக்கப்பட்டோர் என்னும் பொருளதே அன்றோ என்றும் வினவுவர். இவ்வினா எண்ணத்தக்கது. ஆயின், 1972-இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் அச்சொல்லைத் தம் பெயராகத் தாமே எடுத்துக்கொண்டனர். அங்கே பெயரிட்டோரும் பெயர்பெற்றோரும் ஒருவரே. நொறுக்கியோர் யாவர் என்பதையும் அவர்கள் வெளிப்படக் கூறினர். சொல்லின் இலக்கண வடிவைக் காட்டிலும் அதனைச் சொல்லும் வாய் எவருடையது என்பதே முதன்மையானது என்பது இதனாற் பெறப்படும்.

4. ‘விழிப்புணர்வு’ என்னும் சொல்

சிவகாசி வட்டாரத்தில் மிகுதியாகக் கேட்கப்பெறும் சொல் ‘விழிப்புணர்வு’. விழிப்பை ஊட்டவேண்டுமாயின் கேட்போர் உறங்குகின்றனர் என்று முதற்கண் கொள்ளவேண்டும். அக்கொள்கை உண்மையா என்று பார்ப்போம்.

1980-களில், விடியுமுன் சிற்றூர்களுக்கு வந்த ஆலைப் பேருந்துகள் சிறுவர் சிறுமியரை ஏற்றிச் சென்றன. பெட்டி ஒட்டுதலும் குச்சி அடுக்குதலும் அவர்கள் வேலையாயின. இராஜம் கிருஷ்ணன் ‘கூட்டுக்குஞ்சுகள்’ என்னும் புதினத்தில் இக்குழந்தைகளை இலக்கியத்துட் கொணர்ந்தார். சலம் பென்னூர்க்கர் 1990-இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் ஆவணப்படத்தை ஆக்கினார். ஊரின் சுறுசுறுப்பைப் புகழ்ந்து வழங்கிய பெயரையே அப்படம் தன் தலைப்பிற் கொண்டது. அப்புகழ் எவருடைய உழைப்பால் வந்தது என்ற வினாவை அத்தலைப்பே எழுப்புகின்றது. 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின்கீழ்ச் சிறப்புப் பள்ளிகள் நடைபெற்றன. அத்திட்டம் 2021-இல் ஒருங்கிணைந்த பள்ளிக்கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பெற்றது.

இக்காலத்துப் பரப்புரைகள் பெரும்பாலும் பெற்றோரின் அறியாமையையே சுட்டின. ஆனால், சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பு வேறொரு நெறியிற் சென்றது. குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்தவேண்டும். குழந்தைக்கு ஈடாகக் குடும்பத்தில் வளர்ந்த ஒருவருக்கு அரசு வேலை தேடித்தரவேண்டும். இயலாவிடின் அரசு 5,000 ரூபாய் நிதியிற் சேர்க்கவேண்டும் என்பது அதன் சாரம். இத்தீர்ப்பு முற்றும் நிறைவேறியதா என்பது வேறு ஆராய்ச்சி. அதன் மொழியை மட்டும் நோக்கின், காரணம் வறுமை என்பதும், பொறுப்பு முதலாளிக்கும் அரசுக்கும் உரியது என்பதும் தெளிவாகின்றன. காணாமற்போன ‘ஆல்’ உருபு இங்கு மீண்டுவருகின்றது.

விபத்துகள் பற்றிய பேச்சிலும் இந்நிலையே காணப்படும். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் மீண்டும் பலர் உயிரிழந்தனர். ஒவ்வொரு விபத்தின் பின்னரும் தொழிலாளர்க்கு விழிப்புணர்வு வேண்டும் என்ற குரல் எழும். மருந்து செலுத்துகின்ற தொழிலாளி, உராய்ந்தால் தீப்பற்றும் என்பதை அறியாதவனா? அவன் கூலி எண்ணிக்கைக்கு இவ்வளவு எனக் கணக்கிடப்படுகின்றது. கை விரைந்தாலன்றி அன்றைய கூலி நிரம்பாது. அறையில் எத்தனைபேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம் என்பவற்றை விதிகள் வரையறுத்துள்ளன. விதி மீறப்படும்போது, ‘இவ்வறையில் வேலை செய்யமாட்டேன்’ என்று சொல்லும் உரிமை அவனுக்கு இருக்கவேண்டும். சொன்னபின் மறுநாளும் வேலை கிடைக்கவேண்டும். அவனிடம் இல்லாதது இவ்வுரிமையே. அறிவு இல்லை என்று கூறும் பயிலரங்கு, உரிமை இல்லை என்பதை மறைத்துவிடுகின்றது. இங்கே சொற்பிழை உயிர்ப்பிழையாகின்றது.

5. ஒப்புநோக்கு: புதுக்கோட்டை அறிவொளி

வேறு நெறி இயலுமா என வினவுவார்க்கு விடையாக, புதுக்கோட்டையில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தைக் காட்டலாம். அதுவும் தொண்டர்களைக் கொண்டு மக்களிடம் சென்ற இயக்கமே. ஆயினும், அதன் பாடநூல் அகரத்தில் தொடங்கவில்லை. ‘பட்டா’ என்னும் சொல்லில் தொடங்கியது. கற்போரின் வாழ்வில் கனல்கின்ற சொற்களிலிருந்தே எழுத்தைத் தொடங்கவேண்டும் என்ற பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரேயரின் கருத்து அதற்கு அடிப்படை. நிலமற்ற பெண் முதன்முதலாக எழுதக் கற்ற சொல், அவள் நாள்தோறும் எண்ணி ஏங்கிய சொல்லாயிற்று.

அச்சொல் ஏட்டளவில் நிற்கவில்லை. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்குக் கல்குவாரிக் குத்தகை வழங்கப்பெற்றது. எழுத்தோடு மிதிவண்டியும் கற்பிக்கப்பெற்றது; அவ்வாறு கற்ற பெண்களின் தொகை ஓர் இலட்சத்தைக் கடந்தது என்பார் சாய்நாத். பிறரை எதிர்பாராது தாமே செல்லும் ஆற்றலைப் பெண்கள் பெற்றனர். அணுகல் என்பதற்கு இதனினும் சிறந்த உரை யாது? கற்ற எழுத்தைப் பின்னர்ப் பழக்கமின்மையால் இழந்தோரும் உளர். இயக்கம் குறையற்றது என யாம் கூறவில்லை. ஆயினும், கற்போரின் சொல்லைக் கற்பிப்போர் ஏற்றனர் என்பது அதன் தனிச்சிறப்பு.

6. மாற்றுத்திறனும் விரலும்

‘ஊனமுற்றோர்’ என்னும் சொல் மறைந்து ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல் அரசு வழக்கில் நிலைபெற்றமை வரவேற்கத்தக்கது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் உடற்குறை வகைகளை ஏழிலிருந்து இருபத்தொன்றாக விரித்ததும் நன்றே. எனினும், தீயில் விரல் கருகிய பட்டாசுத் தொழிலாளியின் நிலையை எண்ணுக. சரம் பின்னுதலும் திரி வைத்தலும் விரலின் திறன்கள். விரல் போயிற்று; திறன் போயிற்று. மாற்றுத் தொழில் தரப்படாதவரை, மாற்றுத்திறன் என்பது அவனுக்கு வெறும் பெயரே. சொல்லை உயர்த்துதல் எளிது. சாய்தளம் கட்டுதல் செலவுடையது. எளியதைச் செய்து அரியதைச் செய்ததாக மனநிறைவு கொள்ளுதல் தகாது.

7. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், ஒரு பயிலரங்கின் மொழியை மதிப்பிட மூன்று அளவைகள் கிடைக்கின்றன. முதலாவது, பேசுவோர் ‘நாங்கள் உங்களுக்கு’ என்பதிலிருந்து ‘நாம்’ என்பதற்கு நகர்கின்றனரா என்பது. அந்த ‘நாம்’ கேட்போராலும் சொல்லப்பெறுதல் வேண்டும். இரண்டாவது, தீமைக்கு வினைமுதல் கூறப்படுகின்றதா என்பது. மூன்றாவது, சொற்கள் எவரிடமிருந்து தொடங்குகின்றன என்பது.

மூன்றாவதில் தமிழ்த்துறைகளுக்கும் பங்கு உண்டு. கரிசல் மக்களின் பேச்சுமொழியைக் கி. ராஜநாராயணன் சொல்லகராதியாகத் தொகுத்து வழிகாட்டினார். தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலின் சொற்கள் அவ்வாறே தொகுக்கப்படல் வேண்டும். தொழிற்கூடத்தை இம்மக்கள் ‘ஆபீஸ்’ என்பர். வெடிக்கும் பொருளை ‘மருந்து’ என்பர். பயிற்சிக்கு வருவோரோ ‘வேதிப்பொருள்’ எனப் பேசி, தம் கூட்டத்திற்குப் ‘பட்டறை’ எனப் பெயரிடுகின்றனர். உண்மையான பட்டறையிலிருந்து வந்தவன் அங்குக் கேட்போனாகவே அமர்ந்திருக்கின்றான். அவனைத் தொகுப்பாசிரியனாகக் கொண்டு, பாதுகாப்பு விதிகளை அவன் சொற்களிலேயே எழுதுவிப்பது முதுகலை மாணவர்க்கு ஏற்ற ஆய்வுப்பணியாகும். அப்பணியில் தகவலாளி, ஆய்வாளன் என்னும் பிரிவு குறையும். விதியை எழுதியவன் அவ்விதியைக் காட்டி மறுத்துரைக்கவும் துணிவான். உளப்பாடு என்று இலக்கணம் கூறுவது நடைமுறையில் இவ்வாறே தொடங்கும் என்பது எம் துணிபு.