திருச்சுழியில் தங்கிய இரவு: சேரமான், சுந்தரர் நட்பு குறித்து ஒரு மதிப்பீடு

அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே, குண்டாற்றங்கரையில் அமைந்த திருச்சுழி, இன்று பலருக்கும் இரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊராகவே தெரியும். அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவ்வூர் தமிழ் இலக்கியத்தில் இடம்பெற்றுவிட்டது. பாண்டிய நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கில் அதுவும் ஒன்று. சுந்தரர் தேவாரமான ஏழாம் திருமுறையின் 82-ஆம் பதிகம் திருச்சுழியலைப் பாடுகிறது.

சுந்தரர் இவ்வூருக்குத் தனியே வரவில்லை என்று 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் செய்த சேக்கிழார் சொல்கிறார். உடன் வந்தவர் சேர நாட்டு அரசர் சேரமான் பெருமாள். இந்த இருவரின் கதை பெரும்பாலும் பக்திக் கதையாகவே படிக்கப்படுகிறது. வளர்ந்து, பொறுப்புகள் ஏற்றுக்கொண்டுவிட்ட இருவருக்குள் நட்பு எப்படி உண்டாகிறது என்பதைப் படிப்படியாகக் காட்டும் கதையாகவும் அதைப் படிக்க முடியும். அந்த நோக்கில் அதன் சிறப்பையும் குறையையும் மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கதை வந்த வழி

சுந்தரர் தம் திருத்தொண்டத்தொகையில் சேரமானைக் கழறிற்றறிவார் என்று பெயர் சுட்டி, மழை போன்ற கொடையாளர் என்று ஒரு தொடரில் சொல்லிப் போகிறார். அத்தொகையில் நட்பைப் பற்றிய குறிப்பு இல்லை. அந்த ஒரு தொடர் சேக்கிழாரிடம் 'கழறிற்றறிவார் நாயனார் புராணம்' என்ற நீண்ட பகுதியாக விரிகிறது. நட்பின் முடிவு 'வெள்ளானைச் சருக்க'த்தில் வருகிறது.

சேரமான் நாள்தோறும் வழிபாடு முடிக்கும்போது தில்லைக் கூத்தனின் சிலம்பொலி அவருக்குக் கேட்கும். ஒருநாள் அது வரத் தாமதமாகிறது. சுந்தரரின் பாட்டில் தோய்ந்திருந்ததால் தாமதம் என்று இறைவனே பின்னர் காரணம் சொல்கிறான். பொறாமைப்பட வேண்டிய இடத்தில் சேரமானுக்கு ஆவல் பிறக்கிறது. அந்தப் பாடகரைப் பார்க்க வேண்டும் என்று கொடுங்கோளூரிலிருந்து புறப்படுகிறார். தில்லையில் பொன்வண்ணத்தந்தாதி பாடிவிட்டுத் திருவாரூர் சேர்கிறார்.

சேக்கிழார் நட்பை ஒருவரின் பண்பிலிருந்தோ குலத்திலிருந்தோ தொடங்காமல் அவரது வேலையிலிருந்து தொடங்குகிறார். ஒருவர் பாடுகிறார், மற்றவர் அதன் மதிப்பை உணர்ந்து தேடிவருகிறார். வளர்ந்தவர்களிடையே நட்பு பெரும்பாலும் இப்படித்தான் துளிர்க்கிறது. ஒன்றாக விளையாடிய தெருவோ ஒரே பள்ளிக்கூடமோ இல்லாத இருவருக்கு, அவரவர் செய்யும் காரியமே முதல் அறிமுகம்.

சுந்தரர் வாழ்ந்தது 18 ஆண்டுகளே என்பது மரபு. ஆனால் கதைக்குள் அவர் சிறுவராக இல்லை. திருவாரூரில் பரவையாரையும் திருவொற்றியூரில் சங்கிலியாரையும் மணந்தவர். பிணக்கும் பொருள் தட்டுப்பாடும் பட்டவர். சேரமானுக்கோ ஒரு நாட்டின் பாரம் இருக்கிறது.

ஒரே வரிசையில் உண்பது

இருவரும் முதலில் சந்திக்கும்போது ஒருவரை ஒருவர் வணங்கி எழுந்து தழுவுகின்றனர். அதுவரை 'தம்பிரான் தோழர்', அதாவது இறைவனின் தோழர் என்றிருந்த சுந்தரருக்குச் 'சேரமான் தோழர்' என்ற பெயரும் சேர்கிறது. கடவுளின் நண்பர் என்ற பட்டம் பெற்றவர் ஒரு மனிதரின் நண்பர் என்றும் அழைக்கப்படுகிறார்.

இதைவிட நுட்பமான காட்சி பரவையார் வீட்டு விருந்தில் வருகிறது. உடன் அமர்ந்து உண்ணும்படி சுந்தரர் அழைக்கிறார். சேரமான் நடுங்கி, வணங்கி, ஒதுங்குகிறார். நாடாளும் அரசர் தொண்டருக்குச் சமமாக இலையில் அமர அஞ்சுகிறார். சுந்தரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் வேண்டுகிறார். அதன்பின்தான் சேரமான் இசைகிறார்.

ஒருவர் பணிந்து மற்றவர் அருள் செய்யும் உறவு பக்திக்குப் பொருந்தும், நட்புக்குப் போதாது. கும்பிடுவதோடு சேரமான் நின்றிருந்தால் அவர் சுந்தரரின் அடியவராகவே இருந்திருப்பார். அவர் நண்பராவது அந்த இலையில்தான். உப்பைச் சேர்ந்து உண்ணாதவரை ஒருவரை ஒருவர் அறிய முடியாது என்ற பழமொழியை அரிஸ்டாட்டிலும் தம் நிக்கோமக்கிய அறவியலில் எடுத்தாள்கிறார். நட்புக்குக் காலமும் பழக்கமும் வேண்டும் என்பதற்கு அவர் காட்டும் சான்று அது. மிகப் பெரிய ஏற்றத்தாழ்வு உள்ள இடத்தில், குறிப்பாகக் கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையில், நட்பு நிலைக்காது என்றும் அவர் கருதினார். சைவ மரபு சுந்தரர் வழியை 'தோழமை நெறி' என்றே அழைத்து இதற்கு நேர் எதிராக நிற்கிறது. ஆயினும் மனிதர் இருவருக்குள் உள்ள ஏற்றத்தாழ்வு தானாகக் கரைந்துவிடும் என்று சேக்கிழார் நம்பவில்லை. யாராவது ஒருவர் கை நீட்ட வேண்டும். மறுத்தாலும் இரண்டாம் முறை கேட்க வேண்டும்.

திருச்சுழிக் காட்சி

பின்னர் இருவரும் பாண்டிய நாட்டுக்குப் புறப்படுகின்றனர். மதுரை, திருப்பரங்குன்றம், குற்றாலம், திருநெல்வேலி, இராமேச்சரம் என்று வழிபட்டுத் திருச்சுழியலை அடைகின்றனர். அன்று இரவு சுந்தரரின் கனவில் இறைவன் இளங்காளையாக, கையில் பொற்செண்டும் தலையில் சுழியமும் கொண்டு தோன்றி, தான் இருப்பது கானப்பேர் என்று சொல்லி மறைகிறான். கானப்பேர் என்பது இன்றைய காளையார்கோவில். விழித்த சுந்தரர் கனவைச் சேரமானிடம் சொல்லி, கானப்பேர்ப் பதிகத்தைப் பாடிக்கொண்டு அவரோடு புறப்படுகிறார். அது ஏழாம் திருமுறையின் 84-ஆம் பதிகம்.

அற்புதங்கள் நிறைந்த இந்நூலில் இது சிறிய காட்சி. எளிதில் கடந்துபோகக் கூடியது. இங்கே ஆறு விலகவில்லை, பொன் கிடைக்கவில்லை. ஒருவர் கனவு காண்கிறார், விடிந்ததும் அருகில் இருப்பவரிடம் சொல்கிறார். ஆனால் அரசரைச் சுந்தரரின் நண்பராக இங்கேதான் தெளிவாகக் காண்கிறோம். நேற்றைய நாளைச் சேர்ந்து நடந்தவரிடமே இன்றைய கனவைச் சொல்ல முடியும். கேட்டவர் அது மெய்யா என்று ஆராயவில்லை. அடுத்த ஊருக்கு உடன் கிளம்பினார். நண்பருக்கு வேறு இலக்கணம் தேட வேண்டியதில்லை.

சேக்கிழாரின் காலத்திலும் சரி, இன்றும் சரி, திருச்சுழி வட்டாரம் செழிப்பான ஆற்றுப்பாசன நிலம் இல்லை. கண்மாய் நிறைவது ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே. வானம் பொய்த்தால் கம்பும் சோளமும் மிளகாயும் பொய்க்கும். அதனால் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் சிவகாசிக்கும் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போவது பழகிப்போன ஒன்று. ஊரில் இருந்தவரை நட்பைத் தேட வேண்டியதில்லை; அது தெருவிலேயே கிடந்தது. வெளியூரில் அறை எடுத்துத் தங்கும் ஒருவர் அதை முதல் கல்லிலிருந்து கட்ட வேண்டும். வழிப்பயணத்தில் கட்டிய நட்பின் கதை இந்த ஊரைத் தொட்டுச் செல்வது, இங்கிருந்து புறப்படுகிறவர்களுக்குப் பொருள் உள்ளது.

பிசிராந்தையாரோடு ஓர் ஒப்பீடு

தமிழில் நட்புக்கு எடுத்துக்காட்டு என்றால் முதலில் வருவது புறநானூற்றின் கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் இணைதான். நேரில் பாராமலே நட்புக் கொண்டவர்கள் அவர்கள். சோழன் வடக்கிருந்து உயிர்விட, பிசிராந்தையாரும் வந்து உடன் உயிர்விட்டார். திருக்குறளில் 'நட்பு' என்னும் 79-ஆம் அதிகாரத்துக்கு உரை எழுதும் பரிமேலழகர், பழகாமலே உணர்ச்சி ஒத்தால் நட்பாகும் என்ற கருத்துக்கு இவர்களையே சான்று காட்டுகிறார்.

இது உயர்ந்த நட்பு. ஆனால் பின்பற்றத்தக்க வழி அதில் இல்லை. தொடக்கம் நமக்குத் தெரியாது; முடிவு மட்டுமே தெரியும். சேரமான் கதையில் படிகள் தெரிகின்றன. தேடிச் செல்லுதல், ஒன்றாக உண்ணுதல், உடன் நடத்தல், விளையாடுதல், பிரிதல், மறுபடி வருதல். கொடுங்கோளூரில் சேரமான் நண்பருக்காக ஏற்பாடு செய்தவற்றில் செண்டாட்டமும் நீர்விளையாட்டும் யானைப்போரும் மற்போரும் உண்டு. நட்பு கோயிலில் மட்டும் வளர்வதாகச் சேக்கிழார் எழுதவில்லை.

பிரிவையும் அவர் மறைக்கவில்லை. சுந்தரர் திருவாரூர் நினைவால் புறப்படும்போது, பிரிவைத் தாங்க முடியாது என்று சேரமான் கலங்குகிறார். வருந்தாமல் உம் ஊரில் இருந்து அரசாளும் என்று சுந்தரர் சொல்கிறார். நண்பரின் கடமையை மதித்து அவரை அதனிடமே விட்டுச் செல்வதும் நட்பின் பகுதியாகிறது.

கடவுளோடு சுந்தரருக்கு உள்ள தோழமையில் அவர் பெரும்பாலும் கேட்பவர். பொன் கேட்கிறார், நெல் கேட்கிறார், பரவையாரின் ஊடல் தீர்க்கத் தூது போகச் சொல்கிறார். சேரமானோடுதான் அவர் கொடுப்பவராகவும் ஆகிறார். வெள்ளானை மீது கயிலைக்குச் செல்லும்போது அவர் நண்பரை நினைக்கிறார். அதை உணர்ந்த சேரமான் குதிரையேறி, அதன் செவியில் ஐந்தெழுத்தை ஓதி, வான்வழி பின்தொடர்ந்து யானைக்கு முன்னே செல்கிறார். கயிலை வாயிலில் சேரமானுக்குத் தடை வருகிறது. உள்ளே சென்ற சுந்தரர், வெளியே நண்பர் நிற்பதை இறைவனிடம் எடுத்துச் சொல்கிறார். அழைக்காமல் வந்தது ஏன் என்ற கேள்விக்குப் பிறகே சேரமானின் ஞானஉலா அங்கே அரங்கேறுகிறது. தமக்குத் திறந்த கதவு நண்பருக்கும் திறக்க வேண்டும் என்பதே சுந்தரர் அங்கே கேட்டது.

குறைகள்

இந்த நட்பின் செலவை யார் ஏற்றார்கள் என்று கேட்டால் காவியம் சற்றுத் தடுமாறுகிறது. விருந்துக்குச் சமைக்க ஏற்பாடு செய்தவர் பரவையார். சுந்தரர் நண்பரோடு நாடு சுற்றிய மாதங்களில் அவர் என்ன நினைத்தார் என்பதற்குச் சேக்கிழார் இடம் தரவில்லை. இருவர் நட்பு இவ்வளவு விரிவாகப் பேசப்படும்போது, பரவையாருக்கு ஒரு தோழமை உண்டா என்ற கேள்வியே எழவில்லை.

வெள்ளானைச் சருக்கத்தில் இன்னொரு இடம் உண்டு. அரசர் குதிரையோடு விண்ணில் மறைந்ததைக் கண்ட சேரவீரர்கள், உடைவாளால் தம் உடலை வீழ்த்தி அவரைப் பின்தொடர்கின்றனர். சேக்கிழார் அதை வீரமாக, பேறாகப் பாடுகிறார். இன்றைய வாசகர் அந்த வாள்களைக் கண்டு நின்றுவிடுவார். இருவரின் அன்புக்கு எத்தனை பேர் உயிர் தர வேண்டும்? பிரிவின்போது அரசாளச் சொன்ன அதே அறம் இறுதியில் காணாமல் போகிறது. ஆளும் பொறுப்பும் நட்பும் மோதும் இடத்தைக் காவியம் அற்புதத்தால் மூடிவிடுகிறது.

மேலும், அரசராக இருந்ததால்தான் சேரமானால் மாதக்கணக்கில் உடன் சுற்ற முடிந்தது. வாரத்தில் ஆறு நாள் ஆலைக்குப் போகிறவருக்கு அந்த ஓய்வு கிடையாது. நட்புக்கு நேரம் வேண்டும், நேரம் எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை என்பதை இக்கதை தான் அறியாமலே காட்டிவிடுகிறது.

மதிப்பீடு

இக்குறைகளோடும் இந்தப் பகுதி தமிழில் நட்பைப் பற்றிய சிறந்த கதைப்பகுதிகளில் ஒன்று. நட்பை ஊழாகவோ உணர்ச்சி வெள்ளமாகவோ மட்டும் காட்டாமல், செய்து செய்து உண்டாகும் ஒன்றாக அது காட்டுகிறது. கயிலைக் காட்சியை நம்பாதவரும் விருந்துக் காட்சியை நம்பலாம். குதிரை பறந்ததை ஏற்காதவரும் கனவைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பதை ஏற்பார்.

மாணவர்கள் கழறிற்றறிவார் புராணத்தைத் திருவாரூர்ச் சந்திப்பிலிருந்து கானப்பேர் வரை ஒரே மூச்சில் வாசித்துப் பார்க்கலாம். அற்புதங்களுக்கு இடையில் வரும் இரண்டு சிறு செயல்கள் அப்போது கண்ணில் படும்: ஒதுங்கியவரின் கையைப் பிடித்து மறுபடி அழைத்தது ஒன்று, திருச்சுழியில் விடிந்ததும் கண்ட கனவைச் சொன்னது மற்றொன்று. இரண்டுக்கும் அரசு வேண்டியதில்லை.