படம் அழகுதான், சான்றாகுமா?

வட ஐரோப்பாவின் கோடை இரவைக் காட்டும் வண்ணப் படங்கள் இன்று ஏராளமாக வெளிவருகின்றன. அவற்றைப் பார்த்து வியக்கிறோம். ஆனால், அறிவியல் மாணவன் வியப்போடு நின்றுவிடலாமா?

முதலில் ஒரு சிறு கணக்கு. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 18 பாகை இறங்கினால்தான் வானம் முழுமையாக இருளும். ஜூன் 21-ஐ ஒட்டிய நள்ளிரவில் அது எவ்வளவு இறங்கும்? ஊரின் வட அட்சரேகையுடன் 23.5-ஐக் கூட்டி, 90-இலிருந்து கழியுங்கள். சென்னைக்கு விடை 53 பாகைக்கு மேல், நமக்குக் குறையில்லை. பெர்லினுக்கு 14, ஸ்டாக்ஹோமுக்கு ஏறத்தாழ 7. அங்கெல்லாம் அந்த நாட்களில் இரவு முழுவதும் வடவானில் அந்தியொளி நீடிக்கிறது.

இந்த வெளிச்சம் வானத்தைப் படம் எடுப்பவருக்குப் பகை. மங்கிய விண்மீன்களைப் பதிக்கக் காமிராவை நெடுநேரம் திறந்து வைத்தால், வானத்தின் ஒளியும் சேர்ந்து பதிந்து அவற்றை மூழ்கடித்துவிடும். ஆகவே, 'ஸ்டாக்ஹோம், ஜூன் நள்ளிரவு' என்ற குறிப்புடன் பால்வீதி பளிச்சென்று தெரியும் படம் வந்தால், அதை ஐயத்துடனே பார்க்க வேண்டும். வேறொரு காலத்தில் எடுத்த வானத்தை இந்த நிலக்காட்சியுடன் ஒட்டியிருக்கலாம்.

இதற்கு எதிர்முனையில் நிற்பவை ஜெர்மானிய வானியலாளர் ஓட்டோ யெஸ்ஸெ 1887-இல் எடுக்கத் தொடங்கிய படங்கள். கோடை இரவில் வெள்ளியாய் ஒளிரும் விந்தையான மேகங்கள் 1885 முதல் பலருடைய கவனத்தைக் கவர்ந்தன. தரை இருளில் இருக்கும்போதும் மிக உயரத்திலுள்ள மேகத்தின்மீது சூரிய ஒளி படும், அதுவே காரணம். மற்றவர்களுக்குப் பகையான அந்தியொளி இங்கே துணையாயிற்று.

யெஸ்ஸெயும் அவருடைய துணைவர்களும் பெர்லின் வட்டாரத்தில் வெவ்வேறு இடங்களிலிருந்து ஒரே வேளையில் படம் எடுத்தனர். பின்னணியிலுள்ள விண்மீன்களை ஒப்பிட்டால், ஒரே மேகம் இரு படங்களிலும் சற்றே இடம் மாறித் தெரியும். அந்த மாற்றத்திலிருந்து உயரத்தைக் கணித்தனர். விடை ஏறத்தாழ 82 கி.மீ. நூறாண்டுகளுக்கு மேல் கழிந்தும் அந்த எண் நிலைத்து நிற்கிறது. அம்மேகங்கள் நுண்ணிய பனித்துகள்களால் ஆனவை என்பது பிற்காலத்தில் உறுதியாயிற்று.

யெஸ்ஸெயின் படங்களில் குறை இல்லையா? உண்டு. அவை கறுப்பு வெள்ளை; மேகத்தின் நீலச் சாயலை அவை காட்டமாட்டா. சுவரில் மாட்டி மகிழ இன்றைய படங்களே ஏற்றவை. ஆனால், யெஸ்ஸெயின் படத்தில் இடமும் நேரமும் உண்டு. ஆகவே அதை அளக்க முடிந்தது. இடமும் நேரமும் சொல்லாத படத்தை ரசிக்கலாம், அளக்க முடியாது.

படங்களை இணைப்பதே தவறு என்று நாம் கூறவில்லை. ஒரே வானத்தின் பல படங்களை அடுக்கிச் சேர்த்து, மங்கலான பொருளைத் தெளிவாக்குவது வானியலில் முறையான உத்தி. செய்ததை மறைப்பதே தவறு. எடுத்த இடம், நாள், நேரம், ஒளிபடவிட்ட கால அளவு, இணைப்பு உண்டா இல்லையா ஆகிய ஐந்தையும் படத்தின் கீழே தேடுங்கள். அவை இல்லையெனில், மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். கழித்தல் தெரிந்த எவரும் வானப்படத்துக்கு நீதிபதி ஆகலாம்.