நாக்கு தரும் நற்சான்று

போலந்து நாட்டின் கிழக்குப் பகுதியில் லூப்லின் என்றொரு பழைய நகரம் இருக்கிறது. அங்கே உணவுத் தொழில்நுட்பம் பயிலும் என் அக்காள் மகனைக் காணச் சென்றபோது, அவ்வூர்ப் பீரான ‘பெர்வா ஹ்மியெலோவா’வைச் சுவைத்துப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அப்பெயருக்கு ‘ஹாப் முத்து’ என்று பொருள் கொள்ளலாம். பில்சனர் வகையைச் சேர்ந்த இதில் ஆல்கஹால் சுமார் 6 விழுக்காடு. அறிவியல் இதழில் பீருக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். படிக்கும் வயதினரைக் குடிக்க அழைப்பது என் நோக்கமன்று. சுவைத்துப் பார்த்து ஒரு பொருளைத் தேர்வு செய்யும் முறை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதே நான் பேச வந்தது.

முதலில் பீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நிறம் வெளிர்பொன். நுரை வெண்மையாக எழுந்து, சற்று நேரம் நின்று அடங்கியது. முகர்ந்தால் வைக்கோலும் பச்சிலையும் கலந்தாற்போன்ற மெல்லிய மணம். வாயில் ரொட்டியின் மேலோட்டை நினைவூட்டும் தானியச் சுவை. கசப்பு அளவானதே. ஆனால் விழுங்கிய பிறகு ஓர் இனிப்பு தங்குகிறது. பில்சனர் என்றால் கடைசியில் வாய் வறண்டு துப்புரவாக இருக்கவேண்டும் என்பர். அந்த அளவுகோலில் இது முதல்தரமானதன்று; குறைசொல்லும்படி கெட்டதுமன்று. “மாமா, நாக்கை விடுங்கள், மூக்கைக் கேளுங்கள்” என்றான் அக்காள் மகன். அவன் சொன்னது சரி. நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு போன்ற ஒருசில சுவைகளே. மற்றவை யாவும் வாயிலிருந்து தொண்டை வழியே மூக்கின் உட்புறத்துக்கு ஏறும் ஆவிகளின் செயல். சளி பிடித்த நாளில் ரசம் சப்பென்று இருப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள்.

இத்தகைய பீர்களின் மூலவரலாறு இன்றைய செக் நாட்டிலுள்ள பில்சன் நகரில் தொடங்குகிறது. 1838-இல் அவ்வூரார், கெட்டுப்போன பீர் என்று தீர்ப்பளித்து, 36 பீப்பாய்களை நகர மன்றத்தின் முன் தெருவில் கொட்டிவிட்டனர் எனக் கூறுவர். ஊரே கூடிச் செய்த சுவை விமர்சனம் என்று இதைச் சொல்லலாம். அதன் விளைவாகப் புதிய ஆலை எழுந்தது. பவேரியாவிலிருந்து வரவழைக்கப்பட்ட யோசஃப் குரோல் என்பவர், 1842 அக்டோபர் 5-ஆம் நாள் அங்கே முதல் பீரைக் காய்ச்சினார். உப்புகள் குறைந்த மென்னீர், வெளிறிய நிறத்தில் வறுத்த முளைகட்டிய வாற்கோதுமை, அப்பகுதியின் ஹாப் பூ, குளிரில் மெதுவாக நொதித்து அடியில் படியும் பவேரிய ஈஸ்ட் ஆகிய நான்கும் சேர்ந்ததால் பொன்னிறமான தெளிந்த பீர் பிறந்தது.

நான்காண்டு கழித்து, 1846-இல், கரோல் ருடோல்ஃப் வெட்டர் என்பவர் லூப்லினில் தம் ஆலையைத் தொடங்கினார். கத்தோலிக்கத் துறவியர் முன்பு வாழ்ந்த மடத்துக் கட்டடமே ஆலையாயிற்று. ‘பெர்வா’ தன் வழிமரபை அந்த ஆலையிலிருந்து கூறிக்கொள்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆலை அரசுடைமையாகிப் பின்னர் மீண்டும் தனியார் கைக்குச் சென்றது. லூப்லின் வட்டாரம் போலந்தின் ஹாப் விளைநிலம். அங்கு விளையும் ‘லுபெல்ஸ்கி’ வகை, பில்சனரில் இடும் செக் நாட்டு ஹாப்புக்கு உறவானது. ஆகவே இந்தப் பீருக்கு ஊர் உண்டு, ஆண்டு உண்டு, உரிமையாளர் பெயர் உண்டு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மூக்கு எத்தனை நுட்பமான கருவி என்பதற்கு அக்காள் மகன் ஒரு சோதனை செய்து காட்டினான். ஒரே புட்டியிலிருந்து இரு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றி, ஒன்றை அலமாரிக்குள்ளும் மற்றொன்றைச் சன்னலருகே வெயிலிலும் வைத்தான். சிறிது நேரம் கழித்து முகர்ந்தபோது வெயிற் குவளையில் ஒரு துர்நாற்றம். மேல்நாட்டார் இதை ஸ்கங்க் என்னும் விலங்கின் நாற்றத்தோடு ஒப்பிடுவர். பீரில் இயல்பாக உள்ள ரிபோஃப்ளேவின் என்னும் வைட்டமின் ஒளியை ஏற்று, ஹாப்பின் கசப்புப் பொருளைச் சிதைக்கிறது. பின்பு கந்தகம் சேர்ந்து ஒரு தயால் உண்டாகிறது. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி, அவற்றுள் சில பங்கை மட்டும் ஒரு லிட்டர் பீரில் கலந்தாலும் மனித மூக்கு இப்பொருளைக் கண்டுபிடித்துவிடும்! பீர்ப் புட்டிகள் பழுப்பு நிறத்தில் செய்யப்படுவது இதனாலேயே. பச்சைப் புட்டி அழகாயிருக்கும், காப்பு குறைவு.

இன்னொன்று டைஅசெட்டில். வெண்ணெய் மணம் தரும் இப்பொருள், ஈஸ்ட் தன் வேலையை முழுவதும் முடிக்குமுன் பீரை இறக்கிவிட்டால் தங்கிவிடும். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இருந்தாலே பழகியவர் சொல்லிவிடுவார்.

ஆலைகளில் இதைத் தனி மனிதரின் பெருமைக்கு விடுவதில்லை. மூன்று குவளைகள் வைப்பர். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் வேறு. வேறானது எது என்று சொல்லவேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருமுறை சரியாகிவிடும் அல்லவா? ஆகவே 12 பேரில் 4 பேர் சரியாகச் சொன்னால் அது ஒன்றையும் மெய்ப்பிக்காது. 8 பேர் சொன்னால் கவனிக்கவேண்டும். அது தற்செயலாக நேர நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு வாய்ப்புத்தான். கணக்கில் ஆர்வமுள்ளோர் ஈருறுப்புப் பரவலைக் கொண்டு சரிபார்க்கலாம். பீருக்குப் பதிலாக இருவகைக் காப்பித்தூளை வைத்தும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

இதுவரை எல்லாம் நாவுக்கும் மூக்குக்கும் புகழாரந்தான். பீர் பற்றி எழுதப்படும் சுவைக்குறிப்புகளும் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. என் குறை அதுதான். நல்ல சுவை என்றால் நல்ல பொருள், கெட்ட சுவை என்றால் கெட்ட பொருள் என்ற எண்ணத்தை அவை படிப்பவர் மனத்தில் ஊன்றிவிடுகின்றன. மேற்சொன்ன வெயில் நாற்றமும் வெண்ணெய் மணமும் யாருக்கும் தீங்கு செய்தவை அல்ல. பீரின் புளிப்பும், ஆல்கஹாலும், ஹாப்பின் அமிலங்களும் நோய்க்கிருமிகளை எளிதில் வளரவிடா. பில்சனில் கொட்டிய பீரைக் குடித்திருந்தாலும் பெரும்பாலோர் முகம் சுளித்திருப்பர், அவ்வளவே. தீங்கற்ற குறைகளைத் தம்பட்டம் அடித்துச் சொல்லும் இதே மூக்கு, கொல்லும் பொருளின் முன் வாய்மூடி நிற்பதுண்டு. இதற்குச் சான்று தேடிப் போலந்துக்குப் போகவேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்துக்கு வாருங்கள்.

2024 ஜூன் 18-ஆம் நாளையொட்டி அங்கு விற்ற பாக்கெட்டுச் சாராயத்தைப் பலர் குடித்தனர். பெரும்பாலோர் கூலி வேலை செய்து பிழைப்பவர்கள். மறுநாள் முதல் சாவுகள் தொடர்ந்தன. கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டோருள் 65-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தப்பியவர்களுள் பார்வை குன்றியோரும் உண்டு. அவர்கள் குடித்ததில் மெதனால் என்னும் மெத்தில் ஆல்கஹால் கலந்திருந்தது. இவர்கள் சாராயத்துக்குப் புதியவர்கள் அல்லர். சாராயத்தின் சுவையில் அவர்களைவிடத் தேர்ந்த நாக்கு எவருக்கு இருந்திருக்கும்? அந்த நாக்கு அவர்களை எச்சரிக்கவில்லை.

ஏன்? மெதனால் மூலக்கூறில் ஒரு கார்பன் அணு, எதனாலில் இரண்டு. மணமும் எரிச்சலும் ஏறத்தாழ ஒன்றே. சாராயத்தின் காரத்துக்குள் அது கரைந்து மறைந்துவிடும். 10 மில்லிலிட்டர் பார்வையைப் பறிக்கலாம். 30 மில்லிலிட்டர் உயிரைப் பறிக்கப் போதுமானதாகலாம். 30 மில்லிலிட்டர் என்பது சுமார் 24 கிராம் எடை. ஒரு கிராமின் நூறு கோடியில் சில பங்கைக் கண்டுபிடித்த மூக்கு, 24 கிராமை உள்ளே விட்டுவிடுகிறது!

மெதனால் தானாக உடனே கொல்வதில்லை. நம் ஈரலிலுள்ள நொதி ஒன்று அதை ஃபார்மால்டிஹைடாகவும், மற்றொரு நொதி அதை ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. எறும்பின் கடியில் உள்ளதும் இந்த அமிலமே. இது உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படும் பார்வை நரம்பு முதலில் அடிபடுகிறது. இதற்கெல்லாம் 12 மணி முதல் 24 மணி நேரம் வரை ஆகலாம். கூடவே எதனாலும் இருந்தால் ஈரல் முதலில் எதனாலைத்தான் கவனிக்கும். தாமதம் இன்னும் நீளும். குடித்தவர் நன்றாக உறங்கி எழுந்து, பிறகே வயிற்றுவலி, வாந்தி, கண்மங்கல் என்று வருவார். கருணாபுரத்தில் முதலில் இறந்தவரின் இறுதிச் சடங்குக்கு வந்தோரிலும் சிலர் அதே சாராயத்தைக் குடித்ததாகச் செய்திகள் வந்தன. சாவுக்குச் சாராயம் காரணமன்று என்ற விளக்கமும் தொடக்கத்தில் அதிகாரிகள் தரப்பிலிருந்து வந்தது. அந்த இடைவெளியில் யாருடைய நாக்கும் உண்மையைச் சொல்லியிருக்க முடியாது.

ஈரலின் இந்த முன்னுரிமையே மருத்துவத்துக்கும் வழியாயிற்று. நொதியை மறித்து நிறுத்தும் ஃபோமெபிசோல் என்னும் மருந்தோ, அது கிட்டாதபோது அளவறிந்து செலுத்தும் தூய எதனாலோ தருவர். இரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிப்பர். வீட்டில் செய்யும் கைவைத்தியம் அன்று இது. ஒவ்வொரு மணியும் கணக்கில் வரும்.

இங்கே ஒரு தவறான விளக்கத்தையும் களைய வேண்டும். சாராயம் சரியாகக் காய்ச்சப்படாததால் நஞ்சாயிற்று என்று பலர் சொல்கிறார்கள். கல்வராயன் மலைப்பகுதியில் வெல்லத்தையும் மரப்பட்டையையும் ஊறவைத்துக் கள்ளத்தனமாகக் காய்ச்சுவதும், காவலர் ஊறல்களை அழிப்பதும் நாம் அடிக்கடி படிக்கும் செய்தி. மெதனால் 64.7 பாகையிலும் எதனால் 78.3 பாகையிலும் கொதிக்கும். எனவே முதலில் வடிவதில் மெதனால் இருக்கும் என்று பள்ளிப் பாடம்போல் விளக்குவாரும் உளர். ஊறலில் இல்லாத பொருள் எங்கிருந்து வடியும்? நொதித்தலில் மெதனால் தோன்றுவது பழங்களிலுள்ள பெக்டினிலிருந்து. வெல்லத்தில் பெக்டின் மிகக் குறைவு. இத்தனை பேரைக் கொல்லும் அளவுக்கு மெதனால் வந்தது என்றால், தொழிற்சாலைக்கென்று செய்த மெதனாலை யாரோ கொண்டுவந்து ஊற்றினார்கள் என்றே பொருள். 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் மெதனாலே உயிர்களைக் குடித்தது. காய்ச்சியவரின் கைப்பிசகு என்பது, ஊற்றியவரின் குற்றத்தை மறைக்கும் பேச்சு.

தீக்குச்சி கிழித்து, நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்னும் நாட்டுச் சோதனையும் பயனற்றது. இரண்டுமே நீலமாகத்தான் எரியும். சிறிய ஆய்வகத்தில்கூடச் செய்யத்தக்க சோதனை வேறு இருக்கிறது. மாதிரியைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டால் ஆக்சிஜனேற்றம் செய்து, மிஞ்சிய பெர்மாங்கனேட்டை நீக்கிவிட்டு, குரோமோட்ரோபிக் அமிலமும் அடர் கந்தக அமிலமும் சேர்த்தால், மெதனாலிலிருந்து வந்த ஃபார்மால்டிஹைடு ஊதா நிறம் காட்டும். அளவு அறிய வாயு வண்ணப்பிரிகைக் கருவி உண்டு.

அப்படியானால் ஆலையில் செய்த பீரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? 1900-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மான்செஸ்டர், சால்ஃபோர்டு வட்டாரத்தில் பீர் குடித்தோர் கைகால் மரத்துப்போய் மருத்துவமனைகளுக்கு வந்தனர். குடிகாரர்களுக்கு வருவதுதானே என்று மருத்துவர்கள் முதலில் எண்ணினர். இங்கும் குடித்தவர்மேல் பழி விழுந்தது. எர்னஸ்ட் ரெனால்ட்ஸ் என்ற மருத்துவர், கடும் மது குடிப்போருக்கு வராத நோய் பீர் குடிப்போருக்கு வருவதைக் கவனித்து, பீரைச் சோதித்து, ஆர்சனிக்கைக் கண்டார். பீரில் சேர்த்த சர்க்கரை, ஆர்சனிக் கலந்த கந்தக அமிலத்தால் செய்யப்பட்டிருந்தது. 6,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர்; சுமார் 70 பேர் இறந்தனர். அந்தப் பீரின் சுவையில் மாற்றம் தெரியவில்லை. ஆனால் எந்த ஆலை, எந்த வணிகரிடம், எந்தச் சர்க்கரை வாங்கியது என்று கணக்கேடுகளில் எழுதியிருந்தது. ஆகவே நஞ்சின் ஊற்று ஒரே சர்க்கரை நிறுவனம் என்பது விரைவில் புலப்பட்டது. கெல்வின் பிரபுவின் தலைமையில் அரசு ஆணையம் அமர்ந்து, உணவுப் பொருள்களில் ஆர்சனிக் எவ்வளவு இருக்கலாம் என்று வரம்பு சொன்னது.

ஆலையின் வரலாற்றைச் சுவைக்குறிப்பாளர்கள் அலங்காரமாக எழுதிப்போவதில் எனக்கு உடன்பாடில்லை. 1846, பழைய மடம், வெட்டர் என்ற பெயர் எல்லாம் படிக்க இனிமைதான். குடிப்பவரைக் காப்பது அப்பழமையன்று, இன்றைய முகவரி. லூப்லினில் அன்று குடித்து முடித்தபின் அக்காள் மகன் வெற்றுப் புட்டியைத் திருப்பி, பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த காய்ச்சல் தொகுதி எண்ணைக் காட்டினான். “இதில் ஏதாவது கோளாறு என்றால் இந்த எண்ணை வைத்து எந்தத் தொட்டி, எந்த நாள், எந்த மூட்டை மால்ட் என்று போய்விடலாம் மாமா” என்றான். சுவைக்குறிப்பில் நுரைக்கு ஒரு வரி, மணத்துக்கு இரு வரி, கசப்புக்கு ஒரு வரி எழுதியிருந்த நான், அந்த எண்ணையும் கீழே குறித்துக்கொண்டேன்.

கருணாபுரத்துப் பாக்கெட்டுகளில் அப்படி ஓர் எண் இல்லை. அவற்றில் மெதனாலை ஊற்றியவர் யார், அது எவ்வழியாக வந்தது என்று தேடும் வேலை மாநிலக் குற்றப்பிரிவிடம் தொடங்கி, 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது.