அந்த ஒரு மில்லிமீட்டர்

துப்பாக்கி சுடுதல் என்றதும் பாரிஸில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கிய ஏர் பிஸ்டல்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வருகிறது. மூச்சை அடக்கி, அசையாமல் நின்று, பத்து மீட்டர் தள்ளியிருக்கும் வட்டத்தைத் துளைப்பது. அதற்கு ஒரு பெரிய கும்பிடு. என்னைப் பிடித்து ஆட்டுவது வேறு சமாச்சாரம். மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் பறந்து போகும் ஆரஞ்சுத் தட்டை ஆகாயத்திலேயே தூளாக்கும் டிராப் விளையாட்டு. சுடுகிறவர் சரியாகச் சுட்ட பிறகும் அந்தத் தட்டு உடைவதா தப்புவதா என்று தீர்ப்புச் சொல்வது குழல் வாயில் இருக்கும் ஒரு மில்லிமீட்டர் ஒடுக்கம். அதன் பெயர் சோக்கு. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்; சாப்பாட்டு நேரத்தில் யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை.

நாஞ்சில் நாட்டுக்காரனுக்குத் துப்பாக்கி புதிதொன்றும் இல்லை. மலையோரத்தில் தோப்பும் எஸ்டேட்டும் வைத்திருந்தவர்களிடம் பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் எடுத்த ஒற்றைக்குழல் இருந்தது. எங்கள் பாட்டாவிடமும் ஒன்று இருந்தது. பன்றி வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அவ்வளவுதான் அதன் வாழ்க்கை. அந்தக் குழலின் வாய் உள்ளே ஒடுங்கியிருக்கிறது, எதற்காக ஒடுங்கியிருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். அன்று பிடித்த பைத்தியம்.

12 போர் குழலின் உள்விட்டம் ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். நுனியில் கடைசிச் சில சென்டிமீட்டர் மட்டும் ஒடுங்கும். முழு சோக்கு என்றால் ஒரு மில்லிமீட்டர், அரை சோக்கு என்றால் அரை மில்லிமீட்டர், கால் சோக்கு என்றால் கால். ஒடுக்கமே இல்லாவிட்டால் சிலிண்டர். மணக்குடிக் காயலில் வீச்சுவலை எறிகிறவரைப் பார்த்திருப்பீர்கள். வலை கைப்பக்கத்திலேயே விரிந்துவிட்டால் தூரத்து மீன் போச்சு. விரியாமல் சுருண்டு விழுந்தால் பக்கத்து மீனும் போச்சு. தோட்டாவிலிருந்து கிளம்பும் ரவைக்கூட்டம் எந்தத் தூரத்தில் விரிய வேண்டும் என்று சொல்லி அனுப்புவது சோக்கு.

டிராப்பில் தூரம் இப்படி: தரைக்குக் கீழே ஒரு பள்ளம், அதில் 15 எந்திரங்கள். அதற்கு 15 மீட்டர் பின்னால் ஐந்து நிலைகள். துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் குரல் கொடுத்தால் மைக் கேட்டு எந்திரத்தைத் தட்டிவிடும். இடமா, வலமா, நேரா என்று முன்கூட்டித் தெரியாது. தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர், எடை 105 கிராம், விட்டுவிட்டால் 76 மீட்டர் வரை போகும். நம்மைவிட்டு விலகி ஓடிக்கொண்டே இருக்கும் என்பதுதான் சங்கடம். முதல் வெடி எட்டும்போது முப்பது மீட்டரைத் தாண்டியிருக்கும். தப்பினால் இரண்டாவது வெடிக்கு இன்னும் தள்ளி. அதனால்தான் மேலும் கீழுமாக அடுக்கிய இரட்டைக்குழலில் முதலில் வெடிக்கும் குழலுக்கு அரை அல்லது முக்கால், அடுத்ததற்கு முழு சோக்கு. தட்டுச் சுடுதலின் இன்னொரு வகையான ஸ்கீட்டில் தட்டு இருபது மீட்டருக்குள் குறுக்கே பாயும். அங்கே முழு சோக்கைப் போட்டுக்கொண்டு போனால் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இந்த விளையாட்டில் நமக்கென்று ஓர் ஆள் இருக்கிறார். புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கைனான் செனாய், சோராவர் சிங் சந்துவுடன் சேர்ந்து 361 தட்டு உடைத்து அணித் தங்கம் வாங்கினார். அந்த வருடம் மார்ச்சில் தோஹா உலகக் கோப்பையில் தனிநபர் வெண்கலம். 2024 ஒலிம்பிக்கில் முதல் நாள் 75க்கு 68. மறுநாள் 50க்கு 50. மொத்தம் 118, இடம் 21. பத்திரிகைகளில் தோல்வி என்று ஒரு வரியில் முடிந்தது. நான் அந்த இரண்டாம் நாளை நினைத்து நினைத்துப் பூரித்துக்கொண்டிருக்கிறேன். முந்தின நாள் சறுக்கிவிட்டு, மறுநாள் காலையில் வந்து ஒன்றுகூட விடாமல் ஐம்பதையும் உடைப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! நம்மூரில் இதற்கு ஒரு பேனர் வைத்திருக்க வேண்டாமா?

சரி, சோக்குக்கு வருகிறேன். குழல் வாயில் திருகிப் போடும் சோக்குகளில் எதை வாங்குவது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி காகிதம். ரேஞ்சில் 40 கஜம், அதாவது முப்பத்தாறரை மீட்டர் தூரத்தில் பெரிய காகிதத்தை விரித்துக் கட்டி, நடுவில் ஒரு புள்ளி வைத்து ஒரே ஒரு வெடி. பிறகு ரவை அடர்த்தியாக விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல விட்டத்தில் வட்டம் போட்டு, துளைகளை எண்ண வேண்டும். ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொரு துளையையும் தொட்டுத் தொட்டு எண்ணும் சுகம் இருக்கிறதே, அதை எப்படிச் சொல்ல! துளையின் விளிம்பில் ஈயம் உரசிய சாம்பல் வளையம் தெரியும். இரண்டு ரவை ஒட்டிப் போன இடம் எட்டு போலக் கிழிந்திருக்கும். ரவையைச் சுமந்து வந்த பிளாஸ்டிக் வாட் பாதி வழியில் விழுந்து கிடக்கும்.

போட்டித் தோட்டாவில் 24 கிராம் ஈயம்தான் அனுமதி. ஏழரை நம்பர் ரவை என்றால் ஒன்று 2.4 மில்லிமீட்டர், எல்லாம் சேர்த்துச் சுமார் 300. முழு சோக்கில் இதில் எழுபது சதவீதம், 210 ரவை, வட்டத்துக்குள் விழ வேண்டும். அரை சோக்கில் அறுபது, சிலிண்டரில் நாற்பது சதவீதம். இப்போது ஒரு கணக்கு. விலகி ஓடும் தட்டு நமக்குக் காட்டுவது பெரும்பாலும் விளிம்பைத்தான். பதினொரு சென்டிமீட்டர் நீளம், இரண்டரை சென்டிமீட்டர் உயரம். அந்த வட்டத்துக்குள் இப்படி 165 விளிம்புகளை அடுக்கலாம். சிலிண்டரின் 120 ரவையால் 165 இடத்தைக் காவல் காக்க முடியுமா? தட்டு சாவகாசமாக இடுக்கில் நுழைந்து போய்விடும். முழு சோக்கின் 210 ரவை காக்கும். வட்டத்தின் நடுவில் அடர்த்தி இன்னும் கூடுதல். இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. சோக்குப் பேரின் பின்னால் இவ்வளவு நியாயம் ஒளிந்திருக்கிறது!

காகிதத்தில் இன்னொரு வேடிக்கையும் தெரிந்தது. அரை என்று பொறித்த என்னுடைய சோக்கு, கடினமான ஈயம் போட்ட தோட்டாவில் 195 துளை கொடுத்தது. அது முக்காலின் வேலை. ஆன்டிமனி கலந்த கடின ரவை உருக்குலையாமல் நேராகப் போகும். மென்மையான ஈயம் குழலுக்குள்ளேயே நசுங்கி ஓரத்தில் சிதறும். அதே சோக்கு, தோட்டா மாறினால் வேறு ஆள்.

முழு சோக்கில் தட்டு புகையாகக் கரைவதைப் பார்த்து மயங்காதவர்கள் கிடையாது. நானும் இரண்டு குழலுக்கும் அதையே போடத் துடித்தபோது, ரேஞ்சில் பழக்கமான அண்ணாச்சி ஒருவர் பிடித்து நிறுத்தினார். “மக்கா, தூளானா படம் பிடிக்க நல்லாருக்கும். ஸ்கோர் எழுதுகவன் தூளுக்கு ரெண்டு மார்க்கா போடுகான்? ஒரு துண்டு தெறிச்சாலே போதும்டே.” நூற்றுக்கு நூறு சரி. ரவைக்கூட்டம் கொஞ்சம் அகலமாக இருந்தால் நம் கையின் சிறு பிசகை அது மன்னிக்கும். முதல் குழலுக்கு அரை, இரண்டாவதற்கு முழு. நம்மைப் போன்ற சனி ஞாயிறு ஆசாமிகளுக்கு இதைவிட அருமையான ஜோடி இல்லை என்று அடித்துச் சொல்வேன். பெரிய ஆட்டக்காரர்கள் பலர் சோக்கைக் குழலோடு சேர்த்தே கடைந்த துப்பாக்கியைத்தான் விரும்புவார்கள். எடை பிசகாது என்பார்கள். இருக்கட்டும். ஒரே துப்பாக்கியில் காலையில் டிராப், சாயங்காலம் ஸ்கீட் சுடுகிற எனக்குத் திருகிப் போடும் சோக்கே தெய்வம்.

அந்தச் சின்னக் குழாயின் விளிம்பில் வெட்டுகள் இருக்கும். ஒரு வெட்டு முழு சோக்கு, இரண்டு முக்கால், மூன்று அரை, நான்கு கால், ஐந்து சிலிண்டர். பெரெட்டாவில் பக்கவாட்டில் நட்சத்திரமாகவும் பொறித்திருப்பார்கள். சுடுவதற்கு முன் குழலை மடித்துத் திறந்து காலி என்று கண்ணால் பார்த்துவிட்டு, விளிம்பை நகத்தால் தடவினால் போதும். சோக்கு தளர்ந்திருக்கும்போதோ, கழற்றிவிட்டோ சுடவே கூடாது. மரை போகும், குழலின் வாயே வீங்கிப்போகும். நான் ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் சாவி போட்டு இறுக்கிப் பார்ப்பேன்.

இனி நம்மூருக்கே உரிய தொல்லை, உப்புக்காற்று. இடவப்பாதி ஒரு பக்கம், ஐப்பசி மழை இன்னொரு பக்கம் என்று இரண்டு மழையும் வாங்குகிற மாவட்டம். மரையில் கிரீஸ் தடவாமல் சோக்கைப் போட்டு அலமாரியில் வைத்தால் அடுத்த மாதம் சாவியே வளையும். எண்ணெய்த் துணி, பித்தளை பிரஷ், உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம். இந்த மூன்றுக்கும் செலவு சொற்பம். இவை இல்லாமல் கடலோரத்தில் இந்த ஆசை வேண்டாம்.

காதுக்கு அடைப்பான் கட்டாயம், அதில் பேச்சே இல்லை. கண்ணாடி அதைவிட ருசியான விஷயம். செம்பழுப்பு நிறக் கண்ணாடியைப் போட்டதும் பின்னாலிருக்கும் பச்சை மங்கி, ஆரஞ்சுத் தட்டு மட்டும் எரிந்துகொண்டு வருகிற மாதிரி தெரிந்தது. சத்தமாக “ஐயோ” என்றே சொல்லிவிட்டேன். பக்கத்து நிலையில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் சோக்குச் செட்டுக்கு முன் இதை வாங்குங்கள். தோளில் தோல் வைத்துத் தைத்த ஜாக்கெட் அடுத்தது. கட்டை தோளில் வழுக்காமல் உட்கார அது வேண்டும். கன்னம் படும் இடத்தை ஏற்றி இறக்கும் வசதி கட்டையில் இருந்தால் விடாதீர்கள். ஷாட்கன்னில் பின்பக்கக் குறி என்று தனியாகக் கிடையாது, கண்தான் பின்பக்கக் குறி. கன்னம் சிறிது உயர்ந்தாலே ரவை தட்டுக்கு மேலே போய்விடும். மற்ற தோல் பைகள், பெயர் தைத்த தொப்பி எல்லாம் ஆசைக்கு. நானும் வாங்கியிருக்கிறேன், அது வேறு விஷயம்.

எல்லாவற்றிலும் மலிவான பயிற்சிச் சாமான் குழல் வாயில் செருகும் குட்டி டார்ச். தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டு, குழல் காலி என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, ஓட்டு வீட்டு உத்தரத்தின் விளிம்பில் அந்த வெளிச்சத்தை வழுவாமல் ஓட்டுவேன். “பல்லிக்காவது நிம்மதி உண்டா இந்த வீட்டுல?” என்று அம்மா கேட்பாள். கை பழகிவிட்டது, பல்லியும்தான்.

காற்றைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதம் நின்றவனுக்கு, 105 கிராம் தட்டு எதிர்க்காற்றில் சட்டென்று எழும்புவதும் பின்காற்றில் அமுங்கிப் போவதும் யாரும் சொல்லித்தர வேண்டாம். அப்படி எழும்பும் நாளில் முதல் குழலிலும் ஒரு படி இறுக்கமாகப் போடத் தோன்றுகிறது. அதற்காகவே முக்கால் சோக்கு ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். கையில் வந்ததும் முதல் வேலை காகிதம். அரை என்று பொறித்ததே முக்கால் வேலை செய்தால், முக்கால் என்று பொறித்தது என்ன செய்யும்? யார் துணைக்கு வந்தாலும் பாதித் துளையை எண்ணும் உரிமை தருகிறேன். ஸ்கெட்ச் பேனா என் செலவு.