ஆயத்தத்தின் அளவுகோல்
பனிஸ்டரின் ‘முதல் நான்கு நிமிடங்கள்’ பற்றிய ஓர் ஆய்வு

நூலின் பெயர் சில வேளைகளில் நூலின் உண்மைப் பொருளை மறைத்துவிடுவதுண்டு. றொஜர் பனிஸ்டர் 1955 இல் வெளியிட்ட ‘முதல் நான்கு நிமிடங்கள்’ என்னும் தன்வரலாறு அத்தகையது. 1954 மே 6 ஆம் நாள் ஒக்ஸ்போட்டில் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி முடித்தமையே அந்நூலின் சிகரம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதற்கு முன் சென்ற ஆண்டுகளைப் பற்றிய செய்திகளே நூலுக்கு உயிரூட்டுகின்றன. பெரும் போட்டிக்கு ஒருவன் ஆயத்தமாகிவிட்டான் என்பதை எதனால் அறிவது என்ற வினாவை இந்நூல் கற்போர் மனத்தில் எழுப்புகின்றது.

இவ்வினாவுக்கு ஆசிரியர் தரும் விடை உணர்வு சார்ந்தது. கடற்கரையில் ஓடிக் களித்த சிறுவனின் இன்பத்தோடு நூல் தொடங்குகின்றது. ஓட்டம் அகத்தே பிறக்கும் ஆற்றல்; ஓடுபவனே தனக்கு வழிகாட்டி; இதுவே அவர் கொண்ட கொள்கை. 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் இக்கொள்கை கடுஞ் சோதனைக்குள்ளாயிற்று. எதிர்பாராது ஓர் இடைச்சுற்று சேர்க்கப்பட்டமையால், 1500 மீற்றர் ஓட்டத்தை மூன்று நாட்கள் தொடர்ந்து ஓடவேண்டியிருந்தது. குறைந்த பயிற்சியோடு சென்ற பனிஸ்டர் நான்காம் இடத்தையே பெற்றார். அத்தோல்வியை மறைக்காது கூறியமை நூலின் தலையாய சிறப்பு எனலாம்.

அதன்பின் அவர் மேற்கொண்ட பயிற்சி பற்றிய பகுதி, மாணவர் ஊன்றிக் கற்கவேண்டியது. மருத்துவ மாணவராகிய அவருக்குக் கிடைத்தது நண்பகல் ஓய்வு வேளை மட்டுமே. கால் மைலைப் பத்துத் தடவை, ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டு நிமிட இடைவெளி விட்டு ஓடுவது அவர் கைக்கொண்ட முறை. 1953 டிசம்பரில் ஒவ்வொரு கால் மைலுக்கும் ஏறக்குறைய 66 விநாடி சென்றது. 1954 ஏப்ரிலில் அது 61 விநாடியாகக் குறைந்தது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. அந்நிலையில் அவரும் தோழர் கிறிஸ் பிராஷரும் பயிற்சியைக் கைவிட்டு, ஸ்கொத்லாந்து மலைகளில் ஏறச் சென்றனர். சில நாட்களின் பின் திரும்பி வந்து ஓடியபொழுது 59 விநாடி கைகூடியது. உழைப்பு நிறுத்தப்பட்ட பின்னரே உழைப்பின் பயன் வெளிப்பட்டது. போட்டிக்கு முந்திய ஐந்து நாட்களும் அவர் ஓடாது ஓய்ந்திருந்தார். ஓய்வும் பயிற்சியின் ஓர் உறுப்பு என்பதை இவ்வளவு தெளிவாக உணர்த்தும் தன்வரலாறுகள் சிலவே.

எனினும், ஆசிரியரின் கொள்கைக்கு அவர் கூறும் நிகழ்ச்சிகளே மாறாக நிற்கின்றன. போட்டி நாளன்று காற்று பலமாக வீசியது. முயல்வதா, விடுவதா என்ற ஐயம் இறுதிவரை நீடித்தது. இவ்வாய்ப்பை நழுவவிடலாகாது என ஊக்கியவர் பயிற்சியாளர் பிரான்ஸ் ஸ்டாம்பிள். ஓட்டம் தொடங்கியதும் பனிஸ்டர், முன்னே ஓடிய பிராஷரை நோக்கி விரைவு போதாதென்று கூவினார். ஓய்வினாற் பெருகிய வலிமை, விரைவையும் மந்தமாகக் காட்டி அவரை ஏமாற்றியது. உண்மையில் முதற் சுற்று 57.5 விநாடியில் முடிந்தது. பிராஷர் நிலைகுலைந்து விரைந்திருப்பாராயின் சாதனை கெட்டிருக்கும். பின்னர் கிறிஸ் சற்றவே முன்சென்று வழிநடத்தினார். ஆகவே, தன்னைத் தானே அறிவதாகக் கூறும் வீரனை, அவ்வேளையிற் காத்தது தோழனின் நிதானமே. நூலின் முதற் குறை இதுவே: கொள்கை தனிமனிதனைப் போற்றுகின்றது, நிகழ்ச்சியோ மூவரின் கூட்டுறவைக் காட்டுகின்றது.

இரண்டாவது குறை, ஒருவரின் அனுபவம் பொதுவிதிபோலத் தோன்ற இடமளித்தமை. ஹெல்சிங்கியில் 5000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் ஆகிய மூன்றிலும் வென்ற எமில் சற்றோபெக், 400 மீற்றர் ஓட்டத்தை ஒரே நாளிற் பற்பல தடவை திரும்பத் திரும்ப ஓடிப் பயின்றவர். கடும் பயிற்சியாளராகிய அவுஸ்திரேலியர் ஜோன் லாண்டி, 46 நாட்களுக்குள் பனிஸ்டரின் சாதனையை முறியடித்தார். அவ்வாண்டு ஓகஸ்ட் 7 இல் வன்கூவரில் பனிஸ்டர் லாண்டியை வென்றார் என்பது உண்மையே. ஆனால் இருவருமே நான்கு நிமிடத்துக்குள் ஓடினர். ஆதலின் குறைந்த பயிற்சியே உயர்ந்தது என இந்நூலைக் காட்டி வாதிடுவது பொருந்தாது.

பனிஸ்டர் உடற்றொழிலியல் ஆய்வாளர். ஒட்சிசன் மிகுந்த காற்று ஓடுவோர்க்கு அளிக்கும் பயனை ஆய்வுகூடத்தில் அளந்தவர். அளவின் அருமையையும் எல்லையையும் ஒருங்கே அறிந்திருந்தார். இன்று மெய்வல்லுநரின் நாடித்துடிப்பு, உறக்கம், குருதியிற் சேரும் இலக்ரிக்கமிலம் யாவும் கருவிகளால் அளக்கப்படுகின்றன. இவ்வெண்கள் பெருகிய காலத்திலும் நூலின் பயன் குன்றவில்லை. கடிகாரம் 61 என்று காட்டியது, காரணம் காட்டவில்லை. உடல் வலிமையை உணர்த்தியது. விரைவைத் தவறாக உணர்த்தியது. அளவும் உணர்வும் தோழமையும் ஒன்றையொன்று திருத்தும் இடத்திலேயே ஆயத்தம் பிறக்கின்றது. ஆசிரியர் இம்முடிபை வெளிப்படக் கூறவில்லை. ஆயினும் தம் கொள்கைக்கு ஒவ்வாத செய்திகளையும் ஒளியாது எழுதியமையால், அதனை அறியும் வாய்ப்பைக் கற்போர்க்கு அளித்துள்ளார். நேர்மையான நூலின் இலக்கணம் அதுவே.