எண்கள் எவர் கையில்? - கல்வித் தரவுகளும் அரச திணைக்களங்களும்

இலங்கையிற் கல்வி பற்றி எழும் விவாதங்களுட் பெரும்பாலானவை ஈற்றில் எண்களிலேயே வந்து நிற்கின்றன. வெட்டுப்புள்ளி, மாவட்ட ஒதுக்கீடு, இடைவிலகல் வீதம் என்பன மேடையிலும் பத்திரிகையிலும் தாராளமாக எடுத்தாளப்படுகின்றன. ஆயினும், அவ்வெண்களைப் பேணுவோர் யார், அவை எவருக்குக் காட்டப்படுகின்றன என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. பாடசாலைக் கணக்கெடுப்பு கல்வி அமைச்சினுடையது. புள்ளிகள் பரீட்சைத் திணைக்களத்தில் உள்ளன. அனுமதி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் பொறுப்பு. பிறப்புப் பதிவு பதிவாளர் நாயகத்திடமும், சனத்தொகை தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்திடமும் இருக்கின்றன. ஒரே பிள்ளை இவ்வைந்து இடங்களிலும் ஐந்து வெவ்வேறு ஆட்களைப் போலப் பதியப்பட்டுக் கிடக்கிறது. இவ்வேடுகளை ஒருங்கு வைத்து நோக்கும் வழக்கம் எமது நிர்வாகத்தில் இன்னும் வேரூன்றவில்லை.

இதனால் விளைந்த கேட்டிற்குத் தரப்படுத்தலின் வரலாறே முதற் சான்றாகும். 1971ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவத் துறைக்குத் தமிழ்மொழி மூல மாணவர் 400க்கு 250 புள்ளிகளும், சிங்களமொழி மூல மாணவர் 229 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. பொறியியலுக்கு அவை முறையே 250, 227 ஆக அமைந்தன. தமிழ்ப் பரீட்சகர் தம்மவர்க்குப் புள்ளிகளை வாரி வழங்கினர் என்ற குற்றச்சாட்டு அந்நாளில் உரத்து ஒலித்தது. சோதித்துப் பார்க்கக்கூடிய குற்றச்சாட்டே அது. விடைத்தாள்களில் ஒரு பகுதியை மறுமுறை திருத்தியிருக்கலாம். பெறுபேறுகளை அவ்வப் பாடசாலைகளின் விஞ்ஞானகூட வசதியோடும் ஆசிரியர் தொகையோடும் ஒப்பிட்டிருக்கலாம். ஒப்பிட்டிருப்பின், யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் விஞ்ஞானக் கல்வி குவிந்து கிடந்தமையும், மலையகமும் வன்னியும் கிழக்கின் உட்பகுதிகளும் சிங்களக் கிராமங்கள் பலவற்றைப் போலவே வெறுமையாய் விடப்பட்டமையும் ஒரே அட்டவணையில் தெரிந்திருக்கும். மொழிவாரித் தரப்படுத்தல் 1973இலும், மாவட்ட ஒதுக்கீடு 1974இலும் வந்தன. பேராதனை வரலாற்றாசிரியர் சி. ஆர். டி சில்வா இவ்வனுமதி முறைகளை எண்களைக் கொண்டு ஆராய்ந்து எழுதியதும் 1974இலேயாகும். அதாவது, ஆய்வு கொள்கையைப் பின்தொடர்ந்து ஓடிற்று. முன்சென்று வழிகாட்டும் வாய்ப்பு அதற்கு வழங்கப்படவில்லை.

மாவட்ட ஒதுக்கீடு சனத்தொகையை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் 1981இன் பின் நாடு முழுவதையும் உள்ளடக்கிய குடிசன மதிப்பீடு 2012இலேயே நடைபெற்றது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு வடக்குக் கிழக்கின் பல பகுதிகளில் நிறைவுறவில்லை. இடைப்பட்ட 31 ஆண்டுகளில் இடப்பெயர்வும் புலப்பெயர்வும் அம்மாவட்டங்களின் முகத்தையே மாற்றிவிட்டன. பாடசாலை வரவு ஏடுகளேனும் சனத்தொகை மதிப்பீட்டோடு ஒழுங்காக ஒப்புநோக்கப்பட்டிருப்பின், எண்ணப்படாத பிள்ளைகள் பற்றி ஓரளவு அறிந்திருக்கலாம்.

2001இல் 'இசட்' புள்ளி முறை அறிமுகமாயிற்று. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுப்பதே அதன் சாரம். கணக்கு எளிது, எந்தக் கூட்டத்தின் சராசரி என்பதே சிக்கல். 2011ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிற் பழைய பாடத்திட்டத்தினரும் புதிய பாடத்திட்டத்தினரும் வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடையெழுதினர். அவ்விரு கூட்டத்தினரையும் ஒன்றாகக் கலந்து கணிக்கப்பட்ட புள்ளிகளை 2012இல் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. புள்ளிவிபரவியல் பயிலும் மாணவர் ஒருவர் எழுப்பக்கூடிய ஐயத்தைத் தீர்க்க நாட்டின் அதியுயர் நீதிமன்றம் கூடவேண்டியிருந்தது. மூலப் புள்ளிகள், பெயரும் சுட்டெண்ணும் நீக்கப்பட்டு, பல்கலைக்கழகத் துறைகளுக்கு முன்னரே கிடைத்திருப்பின் அத்தவறு வெளியீட்டுக்கு முன்பே கண்டறியப்பட்டிருக்கக்கூடும். மாணவர் பலர் மாதக்கணக்காகத் தம் எதிர்காலம் அறியாது தவித்தமைக்குக் கணக்குப் பிழையைவிட, கணக்கை மூடிவைத்த பழக்கமே பெரிதும் காரணம்.

இடைவிலகலின் கதையும் இத்தகையதே. கட்டாயக் கல்வி வயதெல்லை 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. தோட்டமொன்றிலுள்ள சிறுமி தரம் 9இல் பாடசாலைக்கு வராது நின்றுவிடுகிறாள் என்க. அவள் வேறு மாவட்டப் பாடசாலை ஒன்றில் சேர்ந்தாளா, வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டாளா என்பதை மொத்தத் தொகைகள் கூறமாட்டா. ஒரு பாடசாலை ஒருத்தியை இழந்தது, வேறொன்று ஒருத்தியைப் பெற்றது என்பதே அவற்றிலிருந்து கிடைக்கும். இருவரும் ஒருவரோ என்பது கிடைக்காது.

எனினும் ஏடுகளை இணைப்பதை எவ்வகை ஐயமுமின்றி வரவேற்பதும் பேதைமையாகும். 1983 யூலையில் கொழும்பிற் கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துத் தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றமை பலராலும் பதிவுசெய்யப்பட்டுள்ளது. தேர்தலுக்கெனத் தொகுக்கப்பட்ட பட்டியல் தீவைப்புக்கு உதவிற்று. இனம், மதம், மொழிமூலம், முகவரி ஆகிய யாவும் அடங்கிய மாணவர் பதிவொன்று பாதுகாப்புத் துறையினரின் மேசைக்கு எவ்வளவு எளிதிற் செல்லக்கூடும் என்பதை இந்நாட்டுச் சிறுபான்மையினருக்கு விளக்கவேண்டியதில்லை. எனவே, இணைப்பை விரும்பாத பெற்றோரை அறியாமையுடையோர் எனத் திட்டவியலாளர் ஒதுக்குவது நேர்மையன்று.

ஆயின் அதற்காக ஆய்வையும் கண்காணிப்பையும் ஒன்றெனக் கொள்வதும் பொருந்தாது. ஆய்வாளருக்கு வேண்டியது மாணவரின் பெயரன்று. அவரது பாடசாலை வகை, மொழிமூலம், பெற்ற புள்ளி, அடுத்த ஆண்டு அவர் எங்கிருந்தார் என்பவையே. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், 2022ஆம் ஆண்டின் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இன்று ஏட்டிலுள்ளன. முன்னையது கேட்க வழிசெய்கிறது. பின்னையது காக்க முயல்கிறது. இவ்விரண்டுக்குமிடையே, பெயர் நீக்கிய பதிவுகளை எந்த அமைச்சுக்கும் கீழ்ப்படாத ஓரிடத்தில் வைத்து, ஆய்வுக்கு மட்டும் திறக்கும் ஏற்பாடு வேண்டும். அவ்விடத்திலிருந்து பொலிசாருக்கோ பாதுகாப்பு அமைச்சுக்கோ எதுவும் செல்லலாகாது என்பது சட்டத்தில் எழுதப்படவேண்டும், சுற்றறிக்கை போதாது. சுற்றறிக்கையை மற்றொரு சுற்றறிக்கை மாற்றிவிடும்.

இன்னொன்றும் கூறவேண்டும். ஆண்டுதோறும் பாடசாலைக் கணக்கெடுப்புப் படிவங்களை நிரப்பி அனுப்பும் கிராமத்து அதிபருக்கு அவ்வெண்களிலிருந்து பெறப்பட்ட முடிவுகள் எவையேனும் திரும்பி வருவது அரிது. தம் பாடசாலை அயற் பாடசாலையோடு ஒப்பிடுகையில் எந்நிலையிலுள்ளது, தரம் 5இல் இருந்தோருள் எத்தனை பேர் சாதாரண தரப் பரீட்சை வரை சென்றனர் என்பவற்றை அவர் மேலதிகாரிகளின் பேச்சிலிருந்தே ஊகிக்கவேண்டியிருக்கிறது. படிவமோ அடுத்த ஆண்டும் வரும். அவரும் இரவிரவாக இருந்து நிரப்புவார்.