ரசக்கட்டும் கவிதைக்கட்டும்

புதுக்கவிதையின் இருண்மைக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் கடைசியில் போய்ச் சேருகிற இடம் சித்தர் இலக்கியம். 'சித்தர் பரிபாஷை உனக்குப் புரிகிறதா? புரியாததால் அது கவிதை இல்லாமல் போய்விட்டதா?' என்று கேட்டுவிட்டால் எதிராளி வாயடைத்துப் போவான் என்பது நம்பிக்கை. நண்பர்கள் கூடும்போதெல்லாம் இந்த வாதத்தைக் கேட்டு வருகிறேன். அதைப் பரிசீலிக்க எனக்கு ஒரு கணினி விளையாட்டு உதவியது என்றால் நம் வட்டத்தில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சுளிக்கட்டும்.

'ஓபஸ் மேக்னம்' என்ற அந்த விளையாட்டை 2017இல் ஸாக்ட்ரானிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. ஒரு செல்வக் குடும்பத்தில் வேலைக்குச் சேரும் இளம் ரசவாதி நாயகன். கதை இரண்டாம்பட்சம். ஈயம், வெள்ளீயம், இரும்பு, செம்பு, வெள்ளி, தங்கம் என்று உலோகங்களுக்கு ஒரு வரிசை உண்டு. பாதரசத்தின் ஓர் அணு ஓர் உலோக அணுவை ஒரு படி உயர்த்தும். ஆக ஈயம் பொன்னாக ஐந்து அணு பாதரசம் வேண்டும். வேறொரு வழியில், ஒரே உலோகத்தின் இரண்டு அணுக்கள் சேர்ந்து அடுத்த உலோகத்தின் ஒன்றாகும். அப்படிப் போனால் ஒரு பொன்னுக்கு 32 ஈயம். மண், நீர், தீ, காற்று நான்கும் உப்பாக மாறும். இப்படிச் சில விதிகள்தாம். எதுவும் மறைக்கப்படவில்லை. அணுக்களைப் பற்றித் திருப்பி நகர்த்தும் இயந்திரக் கைகளை ஒன்றோடொன்று மோதாமல் இயங்க வைப்பதில்தான் சிரமம் முழுவதும் இருக்கிறது. விடையும் ஒன்றல்ல. செலவு, காலம், பிடித்த இடம் என்ற மூன்று அளவைகளில் ஒவ்வொருவர் இயந்திரமும் ஒவ்வொரு விதமாக நிற்கும்.

இதன் அருகில் நம் வாத நூல்களை வைத்துப் பார்க்கலாம். அகத்தியர் பேரிலும் போகர் பேரிலும் வழங்கும் இந்நூல்களில் ரசம் ஓரிடத்தில் சூதம், ஓரிடத்தில் சிவனுடைய விந்து. கெந்தகம் சக்தியின் நாதம். முப்பு என்பது எந்த மூன்று உப்பு என்பதில் உரைகாரர்களுக்குள் ஒருமை கிடையாது. இங்கே சிரமம் செய்யுளின் அமைப்பில் இல்லை. சொல்லுக்குப் பொருள் வேறெங்கோ, குருவின் வாயிலோ நிகண்டிலோ, வைக்கப்பட்டிருக்கிறது. தகுதியற்றவன் கைக்குத் தொழில் போகக்கூடாது என்ற எச்சரிக்கை அதற்குக் காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் அது தொழிலின் நியாயம். அதைக் கவிதையின் நியாயமாக மாற்றிப் பேசுவது மோசடி.

ஐரோப்பாவிலும் இதே வழக்கம் இருந்தது. பசில் வாலன்டைன் என்ற பெயரில் 1599இல் வெளியான 'பன்னிரண்டு சாவிகள்' நூலின் முதல் சாவியில் பசித்த ஓநாய் ஓர் அரசனின் உடலைத் தின்கிறது, பிறகு ஓநாயை நெருப்பில் இடுகிறார்கள், அரசன் மீள்கிறான். வேதியியல் வரலாற்றாசிரியர் லாரன்ஸ் பிரின்ஸிபி இதை விடுவித்திருக்கிறார். ஓநாய் அஞ்சனக்கல், அரசன் பொன். பொன்னைக் கலப்பு நீக்கிச் சுத்தம் செய்யும் முறை இது. சாவி கிடைத்ததும் ஒரு பட்டறைக் குறிப்பு மிஞ்சுகிறது. ஆனாலும் அரசனைத் தின்ற ஓநாய் தீயில் வேகும் அந்தக் காட்சி, குறிப்பு தீர்ந்த பிறகும் மனசில் நிற்கிறது. பாம்பாட்டிச் சித்தரின் பாம்பும் அப்படித்தான். அது குண்டலினி என்று அறியாதவன் முன்னாலும் அது படமெடுத்து ஆடுகிறது. சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எஞ்சுகிற இந்தப் பகுதிதான் கவிதை. பரிபாஷை அதற்குக் காரணமில்லை.

அப்படியானால் அந்த விளையாட்டைப் போல விதியைத் திறந்து வைத்துவிட்டால் போதுமா? போதாது. அதில் பாதரசம் சொன்னபடி கேட்கிறது. உலைக்களத்தில் அது கேட்காது. 357 டிகிரியில் கொதிக்கும், அதற்கு வெகு முன்பே ஆவியாகத் தொடங்கும், ஆவி நஞ்சு. ரசத்தைக் கட்டுவது என்று நம்மவர்கள் சொன்னது இந்த ஓடிப்போகிற வஸ்துவோடு நடத்திய மல்லுக்கட்டு. எந்த உலையின் வெப்பமும் அணுவின் கருவைத் தொடாது என்பதால் பொன் கிடைக்கவில்லை. ஆனால் அவர்கள் கைக்குப் பொருளின் எதிர்ப்பு தெரிந்திருந்தது. விளையாட்டுக்காரனுக்கு அது தெரிய வழியில்லை. திருவிளையாடற் புராணத்தில் சித்தராக வரும் சிவபெருமான் திருப்பூவணத்துப் பொன்னனையாளின் பாத்திரங்களைப் பொன்னாக்கும் வழியைக் காட்டிப் போகிறார். தீயிலிட்டவை விடிந்தால் பொன். அங்கே விதியும் கிடையாது, எதிர்ப்பும் கிடையாது. பக்திக்கு அது போதும்.

விதி, எதிர்ப்பு இரண்டும் சேர்ந்து நிற்பதை நான் பார்த்தது செஞ்சிப் பக்கத்துத் தளவானூரில். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேசுவரம் அது. அதே விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் அவன் ஒரு வடமொழிக் கல்வெட்டு வைத்திருக்கிறான்: செங்கல், மரம், உலோகம், சுதை இல்லாமல் பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் இக்கோயிலை விசித்திரசித்தன் ஆக்குவித்தான் என்பது சாரம். இது ஒரு புதிரின் நிபந்தனை போலவே ஒலிக்கிறது. நான்கையும் நீக்கிவிட்டால் என்ன மிஞ்சும்? நிபந்தனை எல்லோருக்கும் தெரிய வாசலில் இருக்கிறது. விடை எதிரே நிற்கிறது.

தளவானூரில் அந்த விடை இன்னும் சிக்கலாகிறது. தூண்கள் கீழும் மேலும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. மேலே உத்தரத்தைத் தாங்குவது போலப் போதிகை. தூண்களுக்கிடையே மகர தோரணம். மரமும் சுதையும் வேண்டாமென்று விலக்கிய பிறகு, மரத்தச்சனும் சுதைக்காரனும் செய்திருக்கக்கூடியதைக் கல்லில் மீண்டும் கேட்கிறார்கள். குடைவரையில் தூண் எதையும் தாங்க வேண்டியதில்லை. முழுப் பாறையும் தானே நிற்கிறது. ஆனாலும் தூண் வேண்டியிருந்திருக்கிறது. தவறி ஒரு துண்டு உடைந்தால் ஒட்ட முடியாத பொருளில் உளி வேலை செய்திருக்கிறது. அந்தப் பளு பார்க்கிறவன் உடம்பில் ஏறுகிறது. சிற்ப சாஸ்திரம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை.

யாப்பு என்றாலும் கட்டுதல்தான். அதை நாம் அவிழ்த்தோம், சரியாகவே அவிழ்த்தோம். 1959இல் 'எழுத்து' வந்ததிலிருந்து நடந்த சர்ச்சைகளில் எதுகை மோனை போனதற்காக அழுதவர்களுக்குப் பதில் சொல்லியாகிவிட்டது. ஆனால் அவிழ்த்த இடத்தில் என்ன கட்டு இருக்கிறது என்ற கேள்விக்கு இருண்மையைப் பதிலாகத் தருகிறோம். அது பதிலல்ல. கவிஞன் தன் சொந்த அகராதியை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு வரிகளை மட்டும் அச்சுக்கு அனுப்பினால், அது குருவும் இல்லாத, உலையும் இல்லாத வாத நூல். விதி அப்பட்டமாகத் தெரிந்து, சொல் எங்கும் திமிறாமல் வழுவழுவென்று ஓடினால், அது அந்தக் கணினி இயந்திரம். அழகாகச் சுற்றும், அவ்வளவுதான்.

ஒரு கடினமான கவிதையிடம் நான் கேட்பது இரண்டு. வெளியிலிருந்து சாவி வாங்காமலே, படிக்கப் படிக்க அதன் விதி எனக்குப் பிடிபட வேண்டும். பிடிபட்ட பிறகும் அதன் சொற்கள் எனக்கு எளிதில் வசப்படக்கூடாது. இந்த இரண்டையும் தாங்குகிற கவிதைகள் நம்மிடம் உண்டு, எண்ணிக்கையில் குறைவு. அவற்றுக்குச் சித்தர்களின் சிபாரிசு தேவையில்லை. சிபாரிசு தேடுகிற கவிதைகளை இனி வாத நூல்களோடு ஒரே அலமாரியில் வைத்துவிடலாம். அங்கே அவற்றுக்கு நிகண்டாவது கிடைக்கும்.